‘வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க’ என்பதற்குக் கீழே இன்னும் ஒரு வரி

அன்புள்ள ஆசிரியருக்கு, வணக்கம்.

போன வாரம் உங்கள் வாசகர் கடிதப் பகுதியில் ஒருவர், இறுதிக்கால நோயாளிகளைப் பராமரிக்கும் இல்லங்களைப் பற்றி எழுதியிருந்தார். பெற்றவர்களைக் கொண்டுபோய்த் தள்ளிவிட்டுச் சாவுக்குக் காத்திருக்கும் இடம், போதை மருந்து கொடுத்து மயக்கத்திலேயே வைத்திருப்பார்கள், நம் பண்பாட்டுக்கு ஒத்துவராது என்றெல்லாம் சொல்லியிருந்தார். அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. இரண்டு வருடம் முன்னால் என்னைக் கேட்டிருந்தால் நானும் இதையேதான் சொல்லியிருப்பேன். சொல்லவும் செய்தேன், அதுவும் ஒரு நர்ஸ் முகத்துக்கு நேராக. அதைப் பிறகு சொல்கிறேன்.

நான் ஓய்வு பெற்ற பஸ் கண்டக்டர். வீடு களியக்காவிளை பக்கம். 31 வருட சர்வீஸில் பாதிக்கு மேல் நாகர்கோவில் – திருவனந்தபுரம் ரூட்டில்தான் ஓடினேன். காலை முதல் டிரிப்பில், மார்த்தாண்டத்திலும் குழித்துறையிலும் கையில் பெரிய எக்ஸ்ரே கவரோடு ஏறுகிறவர்கள் இருப்பார்கள். திருவனந்தபுரம் பஸ் ஸ்டாண்ட் இருக்கிற தம்பானூருக்கு ரெண்டு டிக்கெட் என்பார்கள். தலையில் துண்டு கட்டியிருந்தால் கீமோ நடக்கிறது என்று அர்த்தம். சில மாதம் வருவார்கள், அப்புறம் காணாது. எங்கே போனார்கள் என்று ஒருநாளும் யோசித்ததில்லை. என் மனைவி படுத்த பிறகுதான் தெரிந்தது, அவர்களெல்லாம் வீட்டில்தான் கிடந்திருக்கிறார்கள்.

அவளுக்கு மார்பில் கட்டி. ஆறு மாதம் எங்களிடம் சொல்லாமல் மறைத்தாள். மகள் கல்யாணம் முடியட்டும் என்று இருந்தாளாம். ஆபரேஷன், கீமோ எல்லாம் முடிந்து இரண்டு வருடம் நன்றாக இருந்தாள். அப்புறம் அதே இடத்தில் புண்ணாக வெடித்தது, முதுகெலும்புக்கும் போய்விட்டது. ஒரு பெரிய மருத்துவமனையில் டாக்டர் என்னைத் தனியே அழைத்து, "இனி நாங்க செய்யறதுக்கு ஒண்ணும் இல்ல. வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க, கேட்டதச் செஞ்சு கொடுங்க" என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். டிஸ்சார்ஜ் சீட்டு ஆறு பக்கம் இருந்தது. எந்தத் தேதியில் என்ன ரத்தப் பரிசோதனை, ஸ்கேனில் என்ன தெரிந்தது, எல்லாம் இருந்தது. கடைசியில் வலிக்கு இரண்டு மாத்திரை எழுதி, ஒரு மாதம் கழித்து வரவும் என்று போட்டிருந்தார்கள். வேறு எங்கே போவது என்று ஒரு வரி இல்லை.

அந்த இரண்டு மாத்திரைக்கு வலி அடங்கவில்லை. 19 ராத்திரி. அவளால் படுக்க முடியாது, முதுகைச் சுவரில் சாய்க்கவும் முடியாது. கட்டில் விளிம்பில் உட்கார்ந்து என் தோளில் நெற்றியை வைத்துக்கொள்வாள். பக்கத்து வீட்டுக்குக் கேட்கக் கூடாது என்று துண்டைக் கடித்துக்கொள்வாள். விடிகிற நேரத்தில் அப்படியே ஒரு அரைமணி நேரம் கண் அயர்வாள். நான் அசையாமல் இருப்பேன்.

சொந்தக்காரர் ஒருவர், பழைய கம்பவுண்டர், ‘மார்பின்’ என்று ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தார். அபினியிலிருந்து எடுக்கிற, கடும் வலிக்கான மருந்து அது. அந்தத் துண்டுச் சீட்டோடு போனது என் தப்புதான், டாக்டர் எழுதாமல் அதைக் கொடுக்கவும் கூடாது. ஆனால் ஐந்து கடையில் ஒருவர்கூட, "இதுக்கு இன்ன இடத்துக்குப் போய் இன்ன டாக்டரைப் பாருங்க" என்று சொல்லவில்லை. ஒரு கடையில் பையன் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "யாருக்கு, உங்களுக்கா?" என்று கேட்டான். வெள்ளை முடியோடு 63 வயதில் கஞ்சா கேட்டுப் போனவன் போல நின்றேன்.

வழி காட்டியது என் மச்சினி. அவளைப் பாறசாலையில் கட்டிக் கொடுத்திருக்கிறது. எங்கள் வீட்டிலிருந்து சோதனைச்சாவடி தாண்டிக் கேரளத்துக்குள் கொஞ்ச தூரம்தான். 1956 நவம்பர் 1 வரை இரண்டும் ஒரே திருவிதாங்கூர்-கொச்சி மாநிலம், அந்தப் பக்கமும் அண்ணன் என்றுதான் கூப்பிடுவார்கள். அவள் பக்கத்து வீட்டில் பக்கவாதத்தில் கிடக்கும் ஒரு பெரியவரைப் பார்க்கப் பஞ்சாயத்து நர்ஸ் ஜீப்பில் வருவாராம். மச்சினி அவரை வழியில் நிறுத்தி அக்கா கதையைச் சொல்லியிருக்கிறாள். "இங்கே கொண்டு வந்து வையுங்க, பார்க்கலாம்" என்றாராம். வேன் பிடித்து, தலையணை எல்லாம் அடுக்கி மச்சினி வீட்டுக்குக் கூட்டிப் போனோம்.

அந்த நர்ஸ் சிஸ்டர் ஃபைலை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார், திறக்கவில்லை. "ராத்திரி உறங்கினீங்களா அம்மா?" என்று கேட்டார். "உட்காந்து உறங்குனேன்" என்றாள் இவள். அந்த வாரமே டாக்டரைப் பார்த்து மார்பின் மாத்திரை தொடங்கியது. பத்து மில்லிகிராம், நாலு மணி நேரத்துக்கு ஒன்று. காலை 6, 10, மதியம் 2, மாலை 6, ராத்திரி 10. ராத்திரி மட்டும் இரட்டை, நடுவில் 2 மணிக்கு எழுப்பாமல் இருக்க. "வலி வந்த பிறகு கொடுக்காதீங்க, மணி பார்த்துக் கொடுங்க" என்று சிஸ்டர் மூன்று தடவை சொன்னார். மற்றவர்களுக்கு எப்படியோ, எனக்கு ஒரே தடவையில் புரிந்தது. பஸ் போன பிறகு ஸ்டாப்புக்கு ஓடி என்ன புண்ணியம்? வீட்டில் பழைய டிரிப் ஷீட் கட்டு ஒன்று கிடந்தது. அதன் பின்பக்கத்தில் கோடு போட்டு நேரம், மாத்திரை, வலி எவ்வளவு, மலம் போனதா என்று எழுத ஆரம்பித்தேன். அவள் இறக்கும்வரை ஒரு டிரிப்கூடக் கட் ஆகவில்லை.

மலம் என்று எழுதியதற்கு மன்னிக்கவும், ஆனால் அது எழுத வேண்டிய விஷயம். மார்பின் சாப்பிட்டால் மலச்சிக்கல் பெரும்பாலும் வரும், கூடவே மலமிளக்கி மாத்திரை தினமும் போட வேண்டும். வயிற்றுக்கு எதற்கு இத்தனை மாத்திரை என்று நானாக முதல் நாலு நாள் அதை நிறுத்தி வைத்தேன். அவள் பட்ட பாட்டைப் பார்த்து மார்பின்தான் ஆகவில்லை என்று முடிவு கட்டினேன். சிஸ்டர் வந்து கையோடு வாரித் தீர்த்தார். என்னைத் திட்டவில்லை, அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது.

மயக்கத்தில் வைத்திருப்பார்கள் என்று வாசகர் எழுதியிருந்தார் அல்லவா. முதல் மூன்று நாள் தூங்கினாள், உண்மை. 19 ராத்திரி தூங்காதவள் வேறென்ன செய்வாள்? நாலாம் நாள் எழுந்து உட்கார்ந்து, கொல்லையில் பலா மரத்துக் காயை யாருக்கு விற்றீர்கள், எத்தனை ரூபாய்க்கு என்று கணக்குக் கேட்டாள். நான் ஏமாந்துதான் விற்றிருந்தேன்.

அடுத்தது புண். இதை எழுதலாமா என்று மகளிடம் கேட்டேன், எழுதுங்க என்றாள். அந்தப் புண்ணின் வாடையால் எங்கள் வீட்டுக்கு ஆள் வருவது நின்றிருந்தது. வருகிறவர்களும் வாசல் திண்ணையோடு போய்விடுவார்கள். பேரனை அவளே பக்கத்தில் விட மாட்டாள். ஊதுபத்தியும் டெட்டாலுமாக நான் போராடிக்கொண்டிருந்தேன். சிஸ்டர் செய்தது இவ்வளவுதான்: கொதித்து ஆறிய உப்புத் தண்ணீரில் புண்ணைக் கழுவி, வயிற்றுப்போக்குக்குப் போடுவோமே மெட்ரோனிடசோல், அந்த மாத்திரையை நுணுக்கிப் பொடியாகத் தூவினார். பழைய காட்டன் புடவையைக் கிழித்து மடித்து, குக்கரில் ஆவி கட்டி, அதையே கட்டுத்துணியாக்கச் சொல்லித் தந்தார். நாலு நாளில் வாடை போய்விட்டது. புண் ஆறவில்லை, ஆறாது என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார்கள். ஆனால் பேரன் அவள் கட்டிலில் ஏறி உட்கார்ந்தான். சில ரூபாய் மாத்திரை இது. இதைச் சொல்ல ஆள் இல்லாமல் இரண்டு மாதம் அவள் தன் வீட்டுக்குள்ளேயே ஒதுங்கிக் கிடந்தாள்.

மார்பின் ஏன் எளிதில் கிடைப்பதில்லை என்று ஷார்ஜாவில் இருக்கும் மகன் படித்துப் பார்த்துச் சொன்னான். 1985-இல் வந்த போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தில் இதுவும் அடங்கிவிட்டது. ஒரு மருத்துவமனை இதை வாங்கி வைக்க வேண்டுமென்றால் பல துறைகளில் லைசென்ஸ் வாங்க வேண்டும், கணக்கில் சின்னத் தப்பு வந்தாலும் ஜெயில் பயம். யார் வாங்கி வைப்பார்கள்? 2014-இல் சட்டத்தைத் திருத்தி, மார்பினையும் இன்னும் சில மருந்துகளையும் அத்தியாவசியமானவை என்று தனியே பிரித்தார்கள். அங்கீகாரம் பெற்ற மருத்துவ நிலையத்துக்கு மாநில மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரியின் அனுமதி போதும் என்று ஆனது. சட்டம் திருத்திப் பத்து வருடம் தாண்டிவிட்டது, கடைப்பையன் பார்வை இன்னும் திருந்தக் காணோம். இதில் எனக்கு வயிற்றெரிச்சல் என்னவென்றால், இந்த மருந்துக்கான அபினிச் செடி அரசு அனுமதியோடு மத்தியப் பிரதேசத்திலும் ராஜஸ்தானிலும் உத்தரப் பிரதேசத்திலும் விளைகிறது. காஜிப்பூரிலும் நீமச்சிலும் அரசு ஆலைகள் இருக்கின்றன. வெளிநாட்டுக்கும் அனுப்புகிறோம். மார்த்தாண்டத்துக்குத்தான் வந்து சேரவில்லை.

இப்போது வாசகர் சொன்ன ‘தள்ளிவிடும் இடம்’. புரட்டாசியில் அவளுக்குத் தொடை எலும்பிலும் வலி தொடங்கியது. மாத்திரை அளவு 30 மில்லிகிராம் வரை ஏறியும் அடங்கவில்லை. எனக்கும் தூக்கித் தூக்கி இடுப்பு பிடித்துக்கொண்டது. மகள் வீட்டில் குழந்தைக்குக் காய்ச்சல். சிஸ்டர்தான், கொஞ்ச நாள் ஒரு இல்லத்தில் வைத்துப் பார்க்கலாமா என்று கேட்டார். நான் குதித்தேன். "35 வருஷம் கூட வாழ்ந்தவளக் கொண்டு தள்ளச் சொல்றீங்களா" என்று கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை. உள்ளேயிருந்து இவள்தான், "போவோம். நீங்க ரெண்டு நாள் உறங்குங்க" என்றாள்.

கன்னியாஸ்திரிகள் நடத்தும் சிறிய இடம். 12 கட்டில். ஜன்னல்கள் தாழ்வாக இருக்கும், படுத்தபடியே முற்றமும் சாம்பக்கா மரமும் தெரியும். பார்வையாளர் நேரம் என்று எதுவும் கிடையாது, நான் பக்கத்திலேயே படுத்துக்கொண்டேன். முதல் ராத்திரி நான் 11 மணி நேரம் தூங்கியதாக அவள் பிறகு சொல்லிச் சிரித்தாள். மூன்றாம் நாள் தனக்குச் சாளை மீன் புளிமுளக் குழம்பும் மரச்சீனிக் கிழங்கும் வேண்டும் என்றாள். மூத்த சிஸ்டர் அடுக்களையைத் திறந்துவிட்டு, "நீங்களே வையுங்க, அவங்க கேக்குறது உங்க கைப்பக்குவத்த" என்றார். என் கைப்பக்குவம் லட்சணம் அவளுக்குத் தெரியும். இரண்டு வாய் தின்றாள், உப்பு கூட என்றாள்.

அங்கே சுவரில் கண்ணாடி போட்ட ஒரு வெள்ளைக்கார அம்மாவின் படம் இருந்தது. யாரோ புனிதர் என்று நினைத்தேன். அந்த மூத்த சிஸ்டர் துணி மடித்துக்கொண்டே சொன்னார், சிசிலி சாண்டர்ஸ் என்று பெயராம். நர்ஸாக இருந்தவர், சாகக் கிடக்கிறவர்களை டாக்டர்கள் கைவிட்டுவிடுகிறார்கள் என்று தானே டாக்டருக்குப் படித்தவர். 1967-இல் லண்டனில் இந்த மாதிரி இல்லத்தைத் தொடங்கினார். உடம்பு வலி, மன வலி, குடும்பக் கவலை, கடவுள் ஏன் இப்படிச் செய்தார் என்கிற வலி, எல்லாம் சேர்ந்து ஒரே வலிதான் என்பது அவர் சொன்னது. நம் நாட்டில் முதல் இல்லம் 1986-இல் பம்பாயில் வந்தது. 1993-இல் கோழிக்கோடு மெடிக்கல் காலேஜில் டாக்டர் ராஜகோபாலும் டாக்டர் சுரேஷ்குமாரும் சேர்ந்து, வலியைத் தணித்துப் பராமரிக்கும் ‘நோய் ஆதரவு சிகிச்சை’க்கென்று சிறிதாக ஒரு கிளினிக் ஆரம்பித்தார்கள். அதிலிருந்து ஊர் ஊராகத் தொண்டர்கள் கிளம்பினார்கள். 2008-இல் கேரள அரசு அந்தச் சிகிச்சையைக் கொள்கையாகவே ஆக்கியது. என் மச்சினி வீட்டு வாசலுக்கு ஜீப் வந்தது அப்படித்தான்.

அங்கிருந்தபடியே அவளுக்கு ஒரே ஒரு தடவை கரண்ட், அதாவது கதிர்வீச்சு, வைத்தார்கள். எலும்பு வலிக்கு ஒருமுறை வைத்தாலே பலருக்குக் குறையுமாம். இவளுக்குக் குறைந்தது. மார்பின் 30-லிருந்து 20-க்கு இறங்கியது. போதைக்கு அடிமையானவளாக இருந்தால் அடம் பிடித்திருக்க வேண்டும், இவள் "ஒரு மாத்திரை மிச்சம்" என்றாள். நாங்கள் இருந்த 11 நாளில் 3 பேர் இறந்தார்கள், 4 பேர் வீட்டுக்குத் திரும்பினார்கள். அந்த நாலில் இவளும் ஒருத்தி. பக்கத்துக் கட்டிலில் இருந்த ஒரு மீனவர் இறந்த ராத்திரி, திரைக்கு இந்தப் பக்கம் இவள் விழித்திருந்தாள். காலையில், "சத்தமே இல்லாமப் போயிட்டாரு. இப்படின்னா எனக்குப் பயம் இல்ல" என்றாள்.

அப்போதுதான் இன்னொன்றும் வெளியே வந்தது. நாங்கள் அவளிடம் விஷயத்தைச் சொல்லவே இல்லை. புண் ஆறிவிடும், முதுகு வாயு என்று கதை விட்டுக்கொண்டிருந்தோம். டாக்டர் அவளிடம், "உங்க நோயப் பத்தி என்ன தெரியும்?" என்று கேட்டார். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்: "எல்லாம் தெரியும். இவங்க மறைச்சு மறைச்சு மெலிஞ்சு போனதுதான் பாக்கச் சகிக்கல." அன்றைக்குச் சாயங்காலம் கணக்குத் தீர்க்க உட்கார்ந்தாள். கம்மல் மகளுக்கு. சீட்டுப் பணம் மார்கழியில் விழும், அதை மருமகள் பெயரில் போட வேண்டும். எதிர்வீட்டுக்காரிக்கு 4,000 ரூபாய் கைமாற்றுக் கொடுத்தது எனக்கே தெரியாது. அதைத் திருப்பிக் கேட்கக் கூடாது என்றாள்.

மகன் வேறு, ‘ஐ.சி.யு.வில் வையுங்க, எவ்வளவு செலவானாலும் நான் அனுப்புகிறேன்’ என்று போனில் அழுதுகொண்டிருந்தான். டாக்டர் அவனோடு வீடியோ காலில் 20 நிமிடம் பேசினார். என்ன செய்ய முடியும், எதைச் செய்தால் அவளுக்குத் துன்பம் மட்டும்தான் கூடும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். கடைசியில், "பணத்த ஏர் டிக்கெட்டுக்கு வையுங்க, இந்த மாசமே வாங்க" என்றார். வந்தான். 12 நாள் அம்மா காலைப் பிடித்துக்கொண்டு இருந்துவிட்டுப் போனான். அவன் அன்று ஐ.சி.யு.வைக் கேட்டு ஜெயித்திருந்தால் கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்துவிட்டுப் போயிருப்பான்.

ஐப்பசியில் வீட்டில்தான் இறந்தாள். கடைசி மூன்று நாள் சோறு இறங்கவில்லை. என் அத்தை, பட்டினி போட்டுக் கொல்கிறீர்களே என்று சத்தம் போட்டார். சிஸ்டர் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "உடம்பு அடங்குது பாட்டி, அதுக்கு இனி சோறு கேக்கத் தெரியாது" என்றார். நெஞ்சில் கர்கர் என்று சத்தம் வந்தபோது ராத்திரி 1 மணிக்குப் போன் செய்தேன், எடுத்தார். ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், பயப்பட வேண்டாம், அவர்களுக்கு அது தெரியாது, உதட்டை மட்டும் பஞ்சில் நனைத்துக்கொண்டே இருங்கள் என்றார். அத்தை பால் ஊற்றணும் என்றதற்கு, "ஸ்பூன் வேண்டாம், உதட்டுல ஒரு சொட்டு வைக்கட்டும்" என்றார். எல்லோரும் ஒவ்வொரு சொட்டு வைத்தோம். விடிகாலை 5.40. ஆறு மணி மாத்திரையை நான் எடுத்து வைத்திருந்தேன்.

16-ஆம் நாள் முடிந்து சிஸ்டர் மறுபடி வந்தார். என்னைப் பார்க்கத்தான் வந்தாராம். பிரஷர் பார்த்தார். என் மாத்திரையை நான் இரண்டு மாதமாகப் போடவில்லை என்பதைக் கண்டுபிடித்துத் திட்டினார், இந்த முறை நன்றாகவே.

இந்தக் கடிதத்தை எழுத வைத்தது அதற்கப்புறம் நடந்த ஒன்று. எனக்கு பிரஷர் மாத்திரை கொண்டு வந்து தரும் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ தன்னார்வலர் பெண் துக்கம் கேட்க வந்தாள். பேச்சோடு பேச்சாக, "நம்ம திட்டத்துலயும் நோய் ஆதரவு சிகிச்சை உண்டே அண்ணே, வீட்டுக்கே வருவாங்களே, சொல்லியிருந்தா நானே எழுதியிருப்பேனே" என்றாள். 2021-இல் அந்தத் திட்டம் தொடங்கியதிலிருந்தே அதில் அது இருக்கிறது. அவள் மாதாமாதம் என் வாசலுக்கு வந்து போனவள். வீட்டுக்குள் ஒருத்தி துண்டைக் கடித்துக்கொண்டு இருந்தது அவளுக்குத் தெரியாது, அவளிடம் வழி இருப்பது எனக்குத் தெரியாது. கவுரவம் பார்த்து நோயைச் சொல்லாமல் இருந்தது என் தப்பு. அவள் கேட்க வேண்டிய கேள்விகளில் ‘வீட்டில் படுக்கையில் யாராவது உண்டா, வலி உண்டா’ என்பதையும் சேர்த்தால் என்னைப் போன்றவர்கள் வாய் திறப்போம்.

அதைவிட முக்கியம் அந்த டிஸ்சார்ஜ் சீட்டு. அரசு மருத்துவமனையோ தனியாரோ, ‘இனி ஒன்றும் இல்லை’ என்று அனுப்பும்போது, உங்கள் ஊருக்குப் பக்கத்தில் வலிக்கு மருந்து எங்கே கிடைக்கும், எந்த நர்ஸை எந்த நம்பரில் கூப்பிடுவது என்று ஒரு வரி எழுதிக் கொடுக்கட்டும். அதற்கு ஸ்கேன் வேண்டாம், மெஷின் வேண்டாம், ஒரு ரப்பர் ஸ்டாம்ப் போதும். அந்த இடத்தில் மார்பின் உண்மையிலேயே இருப்பில் இருக்க வேண்டும், ஒவ்வொரு தாலுகா ஆஸ்பத்திரியிலும் இருக்க வேண்டும். இதை உங்கள் நிருபர்கள் மாவட்டம் மாவட்டமாக விசாரித்து எழுதினால் பெரிய உதவி.

நடுவில் ஒன்று. எனக்கு அந்த நிலை வந்தால் வெண்டிலேட்டர் வேண்டாம் என்று நானும் எழுதி வைத்துவிட்டேன். 2018-இல் உச்ச நீதிமன்றம் அதை அனுமதித்தது, 2023-இல் நடைமுறையை எளிதாக்கியது. இரண்டு சாட்சிகளோடு நோட்டரியிடம் கையெழுத்து வாங்கினால் போதும். குழித்துறையில் நோட்டரி ஆபீஸில் போய் உயில் என்றேன். "எந்த சர்வே நம்பர்?" என்று கேட்டார். என் நெஞ்சைத் தொட்டுக் காட்டினேன். அவருக்குக் கொஞ்ச நேரம் புரியவில்லை.

மிச்சமிருந்த மார்பின் மாத்திரைகளை வீட்டில் வைத்திருக்கக் கூடாது, கொடுத்த இடத்திலேயே ஒப்படைக்க வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். ராத்திரி டிப்போவில் மீதி டிக்கெட்டையும் பணத்தையும் ஒப்படைக்கிற மாதிரி, மாத்திரை அட்டைகளையும் டிரிப் ஷீட்டுகளையும் எடுத்துக்கொண்டு பாறசாலை பஸ் ஏறினேன். அங்கே ஒரு பெண் ஷீட்டைப் பார்த்துச் சரிபார்த்தார். வாங்கியது, கொடுத்தது, மீதி. 46 மாத்திரை. கணக்கு ஒத்து வந்தது. ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போட்டேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற நடத்துநர்,
களியக்காவிளை அருகில்.

(பெயர் போட வேண்டாம். எழுதச் சொன்ன மகளே அதை மட்டும் வேண்டாம் என்கிறாள்.)